ஒரே ஒரு தொகுதிக்கு ஒரு தேர்தல் பாட்காஸ்ட் தயாரிப்பது எப்படி

தமிழில் தேர்தலைப் பற்றிப் பேசும் பாட்காஸ்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, எந்தக் கட்சி எந்தக் கூட்டணிக்குப் போகும், யாருக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்று முக்கால் மணி நேரம் கணக்குப் போடுகிறார்கள். கேட்டு முடித்த பிறகும் நம் வாக்குச்சாவடி எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறியிருக்கிறது, நம் வேட்பாளர் எவ்வளவு கடன் காட்டியிருக்கிறார், தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு உண்டா என்பது தெரிவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்குச் சென்னையில் ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டியதில்லை. தன் தொகுதியில் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போய்வரத் தயங்காத ஒருவரிடம் கைபேசியும் ஒரு சட்டைப்பை மைக்கும் இருந்தால் போதும்.

எல்லையை முதலிலேயே சுருக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏறக்குறைய 300 வாக்குச்சாவடிகள். ஒரு தொடருக்கு இதற்கு மேல் களம் தேவையில்லை. மாநில அளவில் பேசத் தொடங்கினால் செய்தித்தாளில் வந்ததைத்தான் திருப்பிச் சொல்வோம். ஒரு தொகுதிக்குள் நின்றால், வேறு எவரும் சொல்லாததைச் சொல்ல நேரும்.

ஒரு பகுதிக்கு ஒரு கேள்வி

ஒவ்வொரு பகுதியையும் தலைப்பிலிருந்து தொடங்காமல் ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். "தேர்தல் சீர்திருத்தம்" என்பது தலைப்பு. அதை வைத்து இருபது நிமிடம் பேசினால் கேட்பவர் தூங்கிவிடுவார். "டெபாசிட் போச்சு என்கிறார்களே, அந்தப் பணம் எவ்வளவு, யாருக்குப் போகிறது?" என்பது கேள்வி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் அந்தத் தொகையை இழக்கிறார் என்ற விதியிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கிருந்து 1996இல் ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதிக்குப் போகலாம். அங்கே விவசாயிகளின் எதிர்ப்பைக் காட்டுவதற்காகத் திரளாக மனுத் தாக்கல் செய்ததில் களத்தில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட வேண்டியதாயிற்று. அப்போது சட்டமன்றத் தொகுதிக்கான டெபாசிட் 250 ரூபாய்தான். அதே ஆண்டு அது 5,000 ஆக உயர்ந்தது. இப்போது பொதுப்பிரிவினருக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இந்த உயர்வு விளையாட்டு வேட்பாளர்களைத் தடுத்ததா, ஏழை வேட்பாளர்களைத் தடுத்ததா என்று இரண்டு பேரிடம் கேட்டுப் பதிவுசெய்தால் பகுதி முழுமை பெற்றுவிடும்.

இந்த இடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. ஜனநாயகம் என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தொடங்குவதில் தவறில்லை, ஆனால் கல்வெட்டை முழுதாகச் சொல்லுங்கள். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த அந்தச் சாசனம், குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அது ஒரு பிராமண ஊர்ச் சபையின் விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் தகுதி இழப்பார்கள் என்ற பகுதியைத்தான் நான் எப்போதும் உரக்கப் படிக்கச் சொல்வேன். பெருமையையும் குறையையும் சேர்த்துச் சொல்லும் குரலைக் கேட்பவர் அடுத்த முறையும் நம்புவார்.

காகிதங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது

தேர்தல் பாட்காஸ்ட்டின் முதுகெலும்பு காகிதம். 2002இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, ஒவ்வொரு வேட்பாளரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. படிவம் 26 என்பது அதன் பெயர். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் அதைப் பார்க்கலாம். பல பத்திரங்கள் கையால் எழுதப்பட்டவையாகவும் கோணலாக ஸ்கேன் செய்யப்பட்டவையாகவும் இருப்பதால், கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார வேண்டும்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். என் தொடரின் மூன்றாவது பகுதியில் ஒரு வேட்பாளரின் பெயரில் இத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். படிவத்தில் வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நான் படித்த எண் மனைவியின் கட்டத்தில் இருந்தது. ஒலிக்கோப்பு அதற்குள் முப்பது வாட்ஸாப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, எண் வரும் ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, பக்க எண்ணையும் கட்டத்தின் பெயரையும் ஸ்கிரிப்ட்டின் ஓரத்தில் எழுதிவைத்த பிறகே மைக்கை இயக்குகிறேன். பிழை நேர்ந்தால் அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே, முதல் நிமிடத்துக்குள், எது தவறு, எது சரி என்று சொல்லிவிட வேண்டும். கடைசியில் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எண்களை அவசரமாகச் சொல்லக் கூடாது என்பதற்கு 2024 மக்களவைத் தேர்தலே சான்று. ஏப்ரல் 19 மாலையில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 72.09 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் அது 69.46 ஆனது, பின்னர் 69.72 என்று நின்றது. முதலில் வந்தது செயலி வழியாகத் திரட்டிய தோராயக் கணக்கு. அன்றிரவே "சாதனை வாக்குப்பதிவு" என்று பகுதி வெளியிட்டவர்களும் மறுநாள் "எண்ணிக்கை மாயமானது" என்று வெளியிட்டவர்களும் ஒரே பிழையைத்தான் செய்தார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் படிவம் 17சி என்ற கணக்கை எழுதி, அதன் நகலைக் கையொப்பமிட்டுப் பூத் ஏஜென்ட்டுகளிடம் தருகிறார். அந்த ஒற்றைத் தாள் எப்படி எழுதப்படுகிறது என்பதை, பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்த மூன்று கட்சிக்காரர்களிடம் கேட்டு ஒரு பகுதி செய்தால், வதந்தி பாதியாகக் குறையும். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடங்களுக்கு முன் ஏஜென்ட்டுகளின் கண்முன்னே குறைந்தது 50 வாக்குகளைப் போட்டுப் பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவையும் அவர்கள்தாம் சுவையாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் ஒருவர், "காலைல அஞ்சரைக்கு எதிர்க்கட்சிக்காரர் ஃபிளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திக் கொடுத்தார், பத்து மணிக்கு அவரோடயே சண்டை போட்டேன்" என்றார். அந்த ஒரு வரிக்காகவே அந்தப் பகுதியைப் பலர் திரும்பக் கேட்டார்கள்.

முடிவுகளுக்குப் பிறகு வெளிவரும் படிவம் 20 சாவடிவாரியாக வாக்குகளைக் காட்டும். இது பொன் சுரங்கம், கத்தியும்கூட. ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர்கள் என்றால் அது நான்கைந்து தெருக்கள். தெரு என்றால் நம் ஊரில் பெரும்பாலும் சாதி. "இந்தச் சாவடியில் இன்ன கட்சிக்கு இத்தனை" என்று ஒலிபரப்பினால், தோற்ற தரப்பு யார்மீது கோபம் கொள்ள வேண்டும் என்பதற்கு நாமே முகவரி எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஆகவே பத்துச் சாவடிகளையாவது சேர்த்து, வட்டார அளவிலான போக்கை மட்டும் சொல்வது என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி போன்ற ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. அதை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது.

மக்களிடம் கேட்பது

மைக்கை நீட்டி "யார் ஜெயிப்பாங்க?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. ஒரு மூதாட்டியிடம் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். "யார் வந்தா எனக்கு என்ன தம்பி" என்று முடித்துவிட்டார். பிறகு, "போன தடவை எந்தப் பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போட்டீங்கம்மா, எப்படிப் போனீங்க?" என்று கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் பேசினார். "ஆட்டோ அனுப்பினாங்க. எந்தக் கட்சி ஆட்டோன்னு ஊருக்கே தெரியும். அதுல ஏறினா அவங்களுக்குத்தான் போட்டேன்னு மத்தவங்க நினைப்பாங்க. ஏறலைன்னா அனுப்பினவங்க கோவிச்சுக்குவாங்க. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமா நடந்தே போனேன்." இரகசிய வாக்கெடுப்பைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பதிவிலிருந்து இரண்டு கேள்விகள் முளைத்தன. வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேராதபடி சாவடி அமைய வேண்டும் என்ற நெறி இந்த ஊரில் கடைப்பிடிக்கப்படுகிறதா? வாக்காளர்களை ஏற்றிச்செல்ல வேட்பாளர் தரப்பு வாகனம் அமர்த்துவதை முறைகேடு என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது இங்கே யாருக்காவது தெரியுமா? அடுத்த இரண்டு பகுதிகளும் அப்படி அமைந்தன.

அந்த அம்மாவின் பெயரையோ தெருவையோ நான் சொல்லவில்லை. "உங்களுக்கு எந்தத் தெரு?" என்று கேட்பதே இங்கே சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பதுதான் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். தொழில், வயது, எத்தனையாவது முறையாக வாக்களிக்கிறார் என்பன போதும். பெயரைச் சொல்லலாம் என்று அவரே முன்வந்தாலும், பதிவை ஒருமுறை அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். பலர் அப்போது மனம் மாறுவார்கள்.

தேர்தல் இல்லாத மாதங்களில் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபைகள் கூடுகின்றன. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் உறுப்பினரே. கூட்டத்தில் ஒலிபெருக்கி இரையும் என்பதால் மைக்கை அதற்குப் பக்கத்தில் வைக்காமல், தீர்மானப் புத்தகத்தை வாசிப்பவரின் எதிரே, முதல் வரிசையில் உட்கார்ந்து பதிவுசெய்யுங்கள். போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்கும் அந்த அரை நிமிடமும், அதன் பின் விழும் மௌனமும், வெட்டாமல் வைக்க வேண்டியவை. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் என்ற வேறுபாட்டையும் அந்தப் பகுதியிலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மாற்றுக்கருத்தாளரை ஒரே மேசையில் உட்காரவைப்பது

நமக்குக் கைவந்த வடிவம் பட்டிமன்றம். அது சுவையானது, ஆனால் கைதட்டலுக்காகப் பேசுவதையும் நடுவர் தீர்ப்புச் சொல்வதையும் பழக்கிவிட்டது. தேர்தல் விவாதத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னால் பாதிப் பேர் அடுத்த பகுதிக்கு வரமாட்டார்கள். அதைவிடப் பழைய ஒரு மரபு நம்மிடம் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் பரபக்கம், சுபக்கம் என்பார்கள். மாற்றாரின் கொள்கையை முதலில் எடுத்துரைத்துவிட்டுத்தான் தன் கொள்கைக்கு வருவது. இதை மேசையில் அப்படியே பயன்படுத்தலாம். ஒருவர் மூன்று நிமிடம் பேசியதும், மற்றவர் மறுப்பதற்கு முன்பு, எதிரில் இருப்பவர் சொன்னதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாமவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே மறுப்புத் தொடங்கும். முதல் இரண்டு முறை இருவரும் எரிச்சலடைவார்கள். மூன்றாவது முறை குரல் தானாகத் தாழும்.

இதற்கு ஒலி ஊடகமே துணை நிற்கிறது. தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் முகம் தெரிவதால் ஓடிவிடும்; ஒலியில் இரண்டு குரல்கள் மோதினால் ஒன்றும் புரியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டால் அந்த இடம் பதிவில் பயன்படாது என்று பேச வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொள்கைக்காக நிறுத்தாதவர்கள்கூடத் தம் பேச்சு வீணாகிவிடும் என்பதற்காக நிறுத்துவார்கள்.

பெயர் சொல்லும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். கலைஞர், புரட்சித் தலைவர், அம்மா, கேப்டன் என்று நம் அரசியலில் பட்டங்களே பெயர்களாகிவிட்டன. தொகுப்பாளர் ஒரு தலைவரைப் பட்டத்தாலும் மற்றவரை வெறும் பெயராலும் குறிப்பிட்டால், அந்த நொடியே அவர் எந்தப் பக்கம் என்பது தீர்மானமாகிவிடும். எல்லோருக்கும் பெயரும் பதவியும், எல்லோருக்கும் "ஆர்" விகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினரை உறவுமுறை சொல்லி "அண்ணே" என்று அழைக்கும் பழக்கத்தையும் மைக்கை அணைக்கும்வரை ஒத்திவைக்க வேண்டும். ஒருவர் "கூறினார்" என்றும் இன்னொருவர் "உளறினார்" என்றும் சொல்லாமல் இருப்பதற்கு மட்டுமாவது ஸ்கிரிப்ட்டை எழுதிவைத்துப் படிப்பது நல்லது.

கடிகாரமும் சட்டமும்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நாட்காட்டியில் சில தேதிகளை வட்டமிடுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில், முடிவைப் பாதிக்கக்கூடிய தேர்தல் விஷயங்களைத் தொலைக்காட்சி போன்ற சாதனங்கள் வழியே வெளியிடுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்த இரண்டு நாட்களில் வாக்குச்சாவடிக்கு எடுத்துச்செல்ல வேண்டிய அடையாள ஆவணங்கள் என்னென்ன என்பது போன்ற பகுதியைத் தவிர வேறொன்றும் வெளியிடாமல் இருப்பதே பாதுகாப்பு. வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் கேட்டு முடிவைக் கணித்து வெளியிடுவதை 126ஏ பிரிவு தடுக்கிறது. இந்தத் தடை நம் ஊர் வாக்குப்பதிவோடு முடிவதில்லை. 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19இல் வாக்களித்துவிட்டாலும், நாட்டின் கடைசிக் கட்டம் முடிந்த ஜூன் 1 மாலை 6.30 மணிவரை தடை நீடித்தது. வாக்குச்சாவடிக்குள் பதிவுசெய்ய முயலவே வேண்டாம். வாக்கைப் பதிவுசெய்ததும் எழும் அந்த நீண்ட "பீப்" ஒலி எவ்வளவு ஆசையூட்டினாலும் சரி.

பணத்தைப் பற்றி ஒரே சொல்: வேட்பாளரிடமிருந்தோ அவருடைய ஆட்களிடமிருந்தோ, பெட்ரோல் செலவுக்கு என்று சொன்னாலும், வாங்காதீர்கள். வாங்கிய அன்றே அது அவருடைய விளம்பரமாகிவிடும்.

பதிவும் வெளியீடும்

கருவிகளைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் சொல்லியிருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரல் இடைவெளி. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவது. எந்த இடத்தில் பதிவுசெய்தாலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பிடித்துவைப்பது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் தொகுப்பது. விசைத்தறி ஓடும் ஊர்களில் மதிய உணவு நேரம்தான் பேட்டிக்கு உகந்தது. வெட்டும்போது ஒருவர் ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின் ஒட்டக் கூடாது; இதில் சலுகையே கிடையாது. பதிவின் மூலக்கோப்புகளை அடுத்த தேர்தல்வரை அழிக்காதீர்கள்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் ஆகியவற்றில் ஏற்றுவதோடு நின்றுவிட்டால் தொகுதிக்குள் பாதிப் பேரை எட்டாது. மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3ஆக மாற்றினால் முப்பது நிமிடப் பகுதி ஏறக்குறைய 14 எம்பிதான் வரும். வாட்ஸாப்பில் அனுப்ப அது தோதான அளவு. கோப்பின் பெயரிலேயே தேதியையும் பகுதி எண்ணையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது அதைப் புதிய செய்திபோல் சுற்றவிடும்போது அந்தத் தேதிதான் உங்களைக் காப்பாற்றும்.

முடிவுகள் வந்த அன்றே தொடரை நிறுத்திவிட வேண்டாம். மனுத் தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை ஆன செலவுக்கு ஒவ்வொரு வேட்பாளரும் தனிக்கணக்கு வைத்திருந்து, முடிவு வெளியான 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கான உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். சிறு கட்டணம் செலுத்தி அந்தக் கணக்கை எவரும் பார்வையிடலாம். முப்பத்தோராம் நாள் காலையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், வென்றவர், தோற்றவர் இருவருடைய கணக்கையும் கேட்டு வாங்கி, பந்தல், ஒலிபெருக்கி, வாகனம், சாப்பாடு என்று ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஊர்க் கூட்டங்களுக்குப் பந்தல் போட்டவரிடம் ஒரு நாற்காலிக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.